வாயாடி பேசாத மாதங்கள்

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குழந்தையும் நல்லபடியாக வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் மிதிப்பதைக் குறைத்துக்கொள் என்று சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

குழந்தை நலம். வீடு நான்காவது மாடி, இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ் டிப்போ. பஸ்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் மனைவி அவளுக்காகச் சிவப்பு ஷூ வாங்கி வைத்திருந்தாள். பேக்கரியில் மாவு பிசையும் வேலை என்பதால் விடியும் முன்பே போய் மதியம் திரும்பிவிடுகிறாள். மீதி நேரம் குழந்தையோடுதான். நம் மொழி அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, நானும் அவளும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் முகம் பார்த்து நடந்துகொள்கிறவள்.

நான் அங்கே வந்திருந்த வாரம் நானும் குழந்தையும் இருந்த பக்கமே நீ வராமல் சமையலறையில் இருந்தது எனக்கு வருத்தம்தான். நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதில் உனக்குக் கோபமோ என்று நினைத்தேன். பெற்றவள் இறந்துபோன நாளிலிருந்து இந்த இரண்டு வருடமாகக் குழந்தையை வளர்த்தவள் நீ. பிரிவது கஷ்டம் என்று தெரியும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போன வாரம் நீ போனில் பேசியபோது, உன் குரலைக் கேட்டதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். கதவுக்குப் பின்னால் தேடினாள். பிறகு அழுத அழுகையை எழுத முடியாது. கொஞ்சம் பழகும்வரை போன் வேண்டாம் அக்கா. கடிதம் எழுது, நானும் எழுதுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்காலும் நானும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு இருக்கிறோம். நீங்கள் மூவரும் நலமா?

கடிதமா கேட்கிறாய்? கடைசியாக நான் கடிதம் எழுதியது, ஹாஸ்டலை விட்டு ஓடி வந்துவிடுவேன் என்று நீ மிரட்டியபோது. சரி, அவள் அழக்கூடாது என்றால் போன் வேண்டாம். எனக்கு உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வயதில் மனைவியைப் பறிகொடுத்தவன் காலம் முழுக்கத் தனியாக இருக்கவேண்டும் என்று நினைக்க நான் என்ன கல்லா?

நம் வாயாடி என்ன பேசுகிறாள்? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இங்கே வெட்டு மேசைக்குக் கீழேதான் அவள் குடித்தனம். நான் துணி வெட்டும்போது, இப்போது கை வெட்டுகிறோம், இப்போது காலர் வெட்டுகிறோம் என்று தொணதொணத்துக்கொண்டே இருப்பேன். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவள் கீழேயிருந்து பதில் சொல்வாள். நாலு கால் இருந்தால் எல்லாமே அவளுக்கு "மே"தான், ஸ்டூல் உள்பட. திறந்து மூடுகிறது எல்லாம் "ஜிப்பு". நீ வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இரண்டு சொல்லைக் கோத்துப் பேச ஆரம்பித்தாள். துணி மேசையிலிருந்து நழுவினால் "துணி போச்சு". பூனை சுவர் தாண்டினால் "பூனை போச்சு". யூனிபார்ம் அளவு கொடுக்க வந்த வாத்தியார் கிளம்பினபோது "சார் போச்சு" என்றாள். அந்த மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்குப் புரியாமல் போய்விடக்கூடாதே என்றுதான். அவள் பேசுவதை ஒன்று விடாமல் எழுது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த மாதம் வேலை கழுத்தை நெரிக்கிறது. பழைய கட்டடம் ஒன்றில் எல்லா லிஃப்ட்டுக்கும் கம்பிவடம் மாற்றுகிறோம். வீட்டுக்கு வரும்போது குழந்தை பெரும்பாலும் தூங்கியிருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஷூவை மட்டும் கழற்ற விடுவதில்லை.

காலையில் சில மணி நேரம் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா, வீட்டில் இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடும், இந்த ஊர் மொழி ஒன்றை மட்டும் பேசுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. இனி அவள் வாழப்போவது இங்கேதான். அதனால் நானும் வீட்டில் நம் மொழியை நிறுத்திவிட்டேன்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் விடவில்லை. தினமும் சாப்பிடும் முன் என் மனைவியைக் காட்டி, "அம்மான்னு சொல்லு" என்று பழக்குகிறேன். பெற்றவளை அவளுக்கு நினைவே இருக்காது. அந்த இடம் காலியாகவே இருக்கவேண்டாம் என்று பார்க்கிறேன்.

மழைக்கு முன் உன் கூரையைச் சரிபார்க்க ஆள் வைத்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பள்ளி யூனிபார்ம் வேலை ஆரம்பமாகிவிட்டது. காஜா எடுக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்திருக்கிறேன். அவள் பொத்தான் துளையைப் பொத்தானைவிடப் பெரிதாகப் போடுகிறாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கம்பிவடம் எழுதினாய், ஷூ எழுதினாய். அவள் என்ன பேசினாள் என்று எழுதவில்லை.

அந்தப் பெரியம்மா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். உனக்கு அந்த ஊர் மொழியில் என்ன தெரியும்? போய் இரண்டு வருடம் ஆகியும் கடைக்காரரிடம் கைஜாடையில்தான் உப்பு வாங்குகிறேன் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்த மொழியில் பெண்ணைக் கொஞ்ச வருமா உனக்கு? ஒரு பொய்க் கதை சொல்ல வருமா?

நீ பழக்கும் அந்தச் சொல்லைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அளவு கொடுக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இத்தோடு முடிக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் சத்தம் போடாமல் ஒரு மூலையில் இருப்பாய். பூசி மெழுகாமல் எழுது. குழந்தைக்கு என்ன?

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அவள் பேசுவதில்லை அக்கா. வந்த புதிதில் இரண்டு மூன்று நாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம் நின்றுவிட்டது. இன்றுவரை ஒரு சொல் இல்லை, எந்த மொழியிலும். வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். காப்பகத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

காது கேட்கிறதா என்று பரிசோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே மாவு பிசைகிறாள். தான் வந்ததால்தான் இப்படி என்று அவளுக்கு நினைப்பு.

நீ கேட்டதை அன்றே யோசித்தேன். எனக்கு இந்த மொழியில் தெரிந்ததெல்லாம் வேலையில் படித்தது. நில், தொடாதே, தள்ளிப் போ, மூடு, திற, பத்திரம். இதைத்தான் என் பெண்ணிடம் இரண்டு மாதமாகப் பேசியிருக்கிறேன். லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

உனக்கு எழுத எனக்கு முகமில்லை. பேசிக்கொண்டிருந்த பிள்ளையை உன்னிடமிருந்து வாங்கி வந்தேன். அடுத்த மாதம் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் நேரம் கிடைத்திருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தவள் அன்று முழுக்கக் கையில் எடுக்கவில்லை. அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

உன் மனைவியிடம் சொல், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று. உன்னையும் நான் திட்டப்போவதில்லை. திட்டுவதற்கு நேரில் வருகிறேன்.

என் குழந்தை, நம் குழந்தை, பேசத் தெரியாமல் போகவில்லை. தான் சொல்வது யாருக்கும் புரியவில்லை என்றால் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். நீ அவளோடு நம் பேச்சில் பேசு. தப்பும் தவறுமாக எதையாவது உளறு. அவள் எதிரில் உன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு.

இன்னொன்று. அவளை எதையும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே. சாப்பாட்டுக்கு முன் பழக்குகிறாயே, அந்தச் சொல்லை முக்கியமாக விட்டுவிடு. ஏன் என்று கேட்காதே.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்க்காதே, தேய்த்துக்கொள்.

பயிற்சியாளர் சின்ன வயதுப் பெண். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு மரக்கட்டை அடுக்கினார். எங்களிடம் வெகுநேரம் கேள்வி கேட்டார். இடம் மாறி, மொழி மாறி வந்த பிள்ளைகள் சில மாதம் வாயடைத்துப் போவது உண்டாம். அந்த நேரத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்களாம். ஆனால் தெரிந்த ஒரே மொழியையும் வீட்டில் நிறுத்தியது சரியில்லை என்றார். இரண்டு மொழியால் பிள்ளை குழம்பாது, உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்க வருமோ அதில் பேசுங்கள், உங்கள் மனைவி அவர் மொழியில் பேசட்டும் என்றார். எந்த மொழிக் குழந்தையானாலும் தன்னோடு பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஆளிடமிருந்துதான் பேச்சை எடுத்துக்கொள்கிறதாம். சொல்லு சொல்லு என்று பரீட்சை வைக்காதீர்கள், சொல்லிவிட்டுக் காத்திருங்கள் என்றார். நீ எழுதியதும் அதுதானே. உன் கடிதம் வந்த அன்றே அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன்.

நீ ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவேண்டியிருக்கிறது. நானாகக் கேட்கவில்லை, என் மனைவி கேட்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அடுத்த வரிகளை நம் மொழியில் எழுதுகிறேன்:

"அக்கா, வணக்கம். இவர் அந்த வார்த்தையைச் சொன்னபோதெல்லாம் குழந்தை என்னைப் பார்த்ததில்லை. அலமாரி மேல் இருக்கும் போனைப் பார்த்தாள். இவர் கவனிக்கவில்லை, நான் தினமும் கவனித்தேன். அந்த வார்த்தை யாருடையது?"

எழுது அக்கா.

உன் தம்பி


மே 23

அன்புள்ள தம்பிக்கு, உன் மனைவிக்கும்,

நலம். தைலத்தை முகர்ந்து பார்த்தேன், தலை சுற்றியது.

நேரில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவள் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

பெற்றவளின் படம் மெஷினுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். குழந்தைக்கு விவரம் வந்ததிலிருந்து அதைக் காட்டி அம்மா என்றும், என் நெஞ்சைத் தொட்டு அத்தை என்றும்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள், திரும்பி என்னைப் பார்த்து அம்மா என்பாள். திருத்தினேன். மறுபடியும் அதேதான். பேச்சு வராத வயதில் பசிக்கும்போது வந்து தூக்குகிறவள் யாரோ அவள் பெயர்தான் அது என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். ஒரு கட்டத்தில் நான் திருத்துவதை விட்டுவிட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது தம்பி. எனக்குக் குழந்தை இல்லை, அது உனக்குத் தெரிந்ததுதான்.

நீ வந்திருந்த வாரம் நான் சமையலறையை விட்டு வராதது கோபத்தால் இல்லை. உன் எதிரில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று ஒளிந்துகொண்டேன். மனைவியை இழந்தவன் காதில் அது எப்படி விழும் என்று பயம்.

அந்த வீட்டில் நீ வேறு ஒருத்தியைக் காட்டி அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாய். அவளுக்கு அது இங்கே மெஷின் முன்னால் இருக்கும் ஒருத்தியின் பெயர். எப்படிச் சொல்வாள்?

உன் மனைவிக்கு ஒன்று சொல்கிறேன். நீ பெற்றிருந்தால் உன் பிள்ளை உன்னை உன் மொழியில் எப்படிக் கூப்பிடுமோ, அப்படியே இவளும் கூப்பிடட்டும். உன் மொழிச் சொல்லை யாரும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அது உனக்குத்தான். என் விஷயத்தை விடுங்கள். என் படத்தைக் காட்டி மெதுவாக அத்தை என்று மாற்றிவிடுங்கள். சின்னக் குழந்தைதானே, மாற்றிக்கொள்வாள்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். எழுதத் தாமதமானதற்குக் காரணம், நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உன் கடிதத்தை என் மனைவிக்கு வரி வரியாகச் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். நீ ஒளிந்திருக்கவேண்டியதில்லை அக்கா. அன்று அவள் உன்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ஆனால் அது வருத்தத்தில் இல்லை.

வேலையிலிருந்து வந்ததும் குழந்தையை மடியில் வைத்து அன்றைய கதையைச் சொல்கிறேன், நம் பேச்சில். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டார்கள், குண்டு மேனேஜர் எப்படிக் கத்தினார் என்று. சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். முதலில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளை எங்கள் கட்டட லிஃப்ட்டில் கூட்டிப்போனேன். கதவு மூடியது. அவள் மெதுவாக, "ஜிப்பு" என்றாள். நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. "ஆமாண்டா, ஜிப்பு போட்டாச்சு" என்றேன். மேலும் கீழும் எத்தனை தடவை போனோம் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து, மாவுக் கையோடு நின்ற என் மனைவியின் பாவாடையை இழுத்து, அவர்கள் மொழியில் தாயைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் மனைவி மாவுக் கையோடே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

உன் படத்தைக் காட்டி அத்தை என்று மாற்றச் சொன்னாய். என் மனைவி முடியாது என்கிறாள். இந்தக் குழந்தை பெற்றவளை இழந்தது, அப்புறம் உன்னைப் பிரிந்தது, மூன்றாவது தடவை ஒன்றைப் பிடுங்க நான் விடமாட்டேன் என்றாள். அந்தச் சொல் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறோம். மெஷினை விட்டுத் தள்ளி உட்கார்.

உன் தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ திரும்பி வந்து சாப்பிட்டாயா?

உன் மனைவிதான் போன் செய்தாள். நீ எங்கே என்று கேட்டேன். அவள் "லிஃப்ட்" என்றாள். எங்கோ நின்றுபோயிருக்கும், உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருக்கும் சொல் அது ஒன்றுதான். அதற்கு மேல் என்ன பேசுவது? இரண்டு பேரும் சும்மா சிரித்துக்கொண்டோம். நீ இல்லாதபோது நடந்ததை நான் எழுதுகிறேன். என் காதுக்கு எட்டாததை அவளிடம் கேட்டுக்கொள்.

அவள் போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது. தூங்கும்போது என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அதே மூச்சு. எனக்கு வாயெல்லாம் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. காத்திருங்கள் என்று பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யார் சொல்லியும் வாயை மூடாதவள் உன் அக்கா. அன்று மூடியிருந்தேன்.

"அம்மா" என்றாள்.

"சொல்லுடி தங்கம்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னைத் தேடவும் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஷூ தரையில் தட்டுவது கேட்டது. உன் மனைவியை அவர்கள் மொழிச் சொல்லால் கூப்பிட்டாள். கூப்பிட்ட அதே மூச்சில், அவளிடம் "அம்மா" என்று சொன்னாள். துணி போச்சு, பூனை போச்சு என்று கோத்தாளே, அதேபோல இரண்டையும் கோத்துவிட்டாள். உன் மனைவியைக் கூப்பிட்டு, நான் வந்திருக்கிறேன் என்று சேதி சொல்கிறாள்.

உன் மனைவி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுது.

அன்று தைத்த சட்டைக்குக் காலரை உள்புறம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைத்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து பிரிக்கவேண்டும்.

அக்கா